கொம்புத் தேனும் உயரம் தாண்டுதலும்

முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற் போல என்பது தமிழகத்தில் எவ்வூரிலும் வழங்கும் பழமொழி. எம் பென்னாகரத்துச் சந்தையிலும் அதனைக் கேட்கலாம். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம். தகுதிக்கு மீறி ஒன்றை விரும்புவோரை எள்ளி நகையாட இதனினும் கூரிய சொல் நம்மிடம் இல்லை. இச்சொல்லுக்கு வயதும் மிகுதி. குறுந்தொகையின் அறுபதாம் பாட்டிலேயே அம்முடவனைப் பரணர் நமக்குக் காட்டிவிடுகின்றார். நெடிய மலையின் உச்சியில் தேனடையைக் கண்ட அவன், அடிவாரத்தில் அமர்ந்தபடியே உள்ளங்கையைக் குழித்து, அவ்வடையைச் சுட்டிச் சுட்டிக் காட்டித் தன் கையையே நக்கி மகிழ்கின்றான். காதலர் அருளாவிடினும் அவரைப் பலகாலும் காண்பதே இனிது என்று கூறும் தலைவிக்கு அவன் உவமையாகின்றான். உவமை நயம் பேசுவோர் இவ்விடத்தில் உள்ளம் உருகுவர், உருகட்டும். ஆனால் அம்முடவன் ஏன் அமர்ந்தே இருக்கின்றான், மலையேறும் காலுடையோர் எங்கே போயினர், ஓர் ஏணி வைக்க அவ்வூரில் ஒருவரும் இலரோ என்று உரையாசிரியர் எவரும் வினவியதாக நாம் படித்ததில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தபோதுதான் இவ்வினா நம் உள்ளத்தில் முதன்முதலாக எழுந்தது. டோக்கியோ நகரில் பாராலிம்பிக் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. 2020இல் நிகழ வேண்டியவை கொரோனாப் பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளிப்போய், பொதுமக்களுக்கு இடமில்லாத அரங்கில் நிகழ்ந்தன. அன்று ஆடவர் உயரம் தாண்டுதல் இறுதிப் போட்டி. மழை விடாது தூறிக்கொண்டிருந்தது. ஈரம் படிந்த ஓடுதளத்தில், சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு நின்றுகொண்டிருந்தார்.

அவர் அன்று புதியவர் அல்லர். 2016 செப்டம்பரில் பிரேசில் நாட்டு ரியோ நகரில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் வென்றவர். இந்தியாவிற்குப் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் கிடைத்த முதற் பொன் அது. அதே போட்டியில் வருண் சிங் பாட்டி 1.86 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். வெள்ளி பெற்றவர் அமெரிக்காவின் சாம் குரூ. ஐந்தாண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே குரூவும் அதே மாரியப்பனும் மீண்டும் எதிரெதிர் நின்றனர். குரூ சிறுவயதில் எலும்புப் புற்றுநோய்க்குக் காலின் ஒரு பகுதியைப் பறிகொடுத்தவர். செயற்கைக்கால் பூட்டித் தாண்டுபவர். மூன்றாமவர் பீகார் மாநிலத்துச் சரத்குமார். அவரது காலை இளமையிலேயே இளம்பிள்ளை வாதம் நலிவித்திருந்தது. மாரியப்பனின் வலக்கால், ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்லுகையில் பேருந்தின் சக்கரத்தின் கீழ் நசுங்கியது. அக்கால் இன்றும் ஐந்து வயதுப் பிள்ளையின் காலாகவே இருக்கின்றது என்று அவரே கூறியதுண்டு. மூவரின் ஓட்டமும் ஒன்றுபோல் இல்லை. மூவரும் மேலெழும் முறையும் ஒன்றுபோல் இல்லை. இக்குறைக்கு இதுதான் ஓட்டம், இவ்வாறுதான் தாண்ட வேண்டும் என்று எந்தப் பாடநூலும் அவர்களுக்கு எழுதிவைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் உடலைத் தாமே படித்துக் கண்டுகொண்ட வழி அது. அன்று மாலை நம்மைப் பெரிதும் ஈர்த்தது பதக்கத்தைக் காட்டிலும் இந்த வேறுபாடே.

குறுக்குக்கோல் 1.86 மீட்டரில் இருந்தபோது மாரியப்பன் அதனைத் தாண்டினார். 1.83 மீட்டருடன் சரத்குமார் வெண்கலத்தில் நின்றுகொண்டார். கோல் 1.88 மீட்டருக்கு உயர்ந்தது. உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. மாரியப்பன் மூன்று முறையும் தட்டினார். குரூ தம் மூன்றாவது முயற்சியில் கடந்து பொன்னைக் கைக்கொண்டார். மழையில் தம் ஊனக்காலின் காலுறை நனைந்துவிட்டதென்றும், அதனால் எழும்புதல் அரிதாயிற்றென்றும் மாரியப்பன் பின்னர்ச் சொன்னார். ரியோவில் தாமே 1.89 தாண்டியவர் 1.88இல் நின்றுபோனமைக்கு ஒரு காலுறையின் ஈரம் காரணமாயிற்று. உலகறிந்த வீரர் எனினும் அவருடைய வெற்றி எத்துணைச் சிறிய புறப்பொருள்களின் மீது நிற்கின்றது என்பதை அந்த ஈரக் காலுறை நமக்குக் காட்டிற்று.

இதனை ஏன் வற்புறுத்துகின்றோம் எனின், மாரியப்பனின் பெயர் சொல்லப்படும் மேடைகளிலெல்லாம் மனவலிமை ஒன்றே போதும் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. 'அவரைப் பாருங்கள், ஒரு கால் இல்லாமலே சாதித்தார். உமக்கு என்ன குறை?' என்று மாணவரைக் கடிந்துகொள்வதற்கு அவர் ஒரு பிரம்பாகப் பயன்படுகின்றார். மனவலிமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அது மாரியப்பனிடம் மலையளவு இருந்தது. ஆயினும் அவர் வரலாற்றைச் சற்று நிறுத்திப் படிப்போர்க்கு வேறு சிலவும் புலப்படும். காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளைக் காத்த தாய் ஒருவர் இருந்தார். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, 'நீ உயரம் தாண்டிப் பார்' என்று சொன்ன உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தார். பதினான்கு வயதில் உடற்குறையில்லாப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி, அவரையும் போட்டியில் தாண்டவிட்டனர். அவர் இரண்டாமிடம் பெற்றார். 2013இல் தேசியப் போட்டியில் அவரைக் கண்டுகொண்ட சத்தியநாராயணா என்னும் பயிற்சியாளர் பின்னர்ப் பெங்களூரில் வைத்துப் பயிற்றுவித்தார். 2016இல் டூனிசியா நாட்டில் 1.78 மீட்டர் தாண்டியதாலேயே ரியோவின் கதவு திறந்தது. தாண்டியவர் மாரியப்பன், குறுக்குக்கோலை நிறுத்தியவர் பலர்.

அவ்வுடற்கல்வி ஆசிரியரின் செயலை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஊனமுற்ற சிறுவன் மைதானத்தில் இருப்பதே பல பள்ளிகளில் அரிது. அவன் கைப்பந்து ஆடுகின்றான். அவனை ஆட விட்டிருக்கின்றனர். ஆடும்போது அவன் எழும்பும் உயரத்தை ஒருவர் உற்று நோக்கியிருக்கின்றார். காலைப் பார்த்து இரங்கும் கண்களுக்கு அவ்வுயரம் தென்பட்டிராது. இவ்வொரு நோட்டத்தின் விலை எவ்வளவு? ரியோ வெற்றிக்குப் பின் தமிழ்நாடு அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. அது தகுமே தகும். ஆனால் வெற்றிக்கு முன் அவர்க்குக் கிடைத்தது, ஊதியம் வாங்கிக்கொண்டு தம் கடமையைச் செவ்வனே செய்த ஓர் ஆசிரியரின் பார்வைதான்.

பாராலிம்பிக் இயக்கத்தின் தோற்றமும் இத்தகைய பார்வை ஒன்றிலேதான். இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அறுந்த வீரர்களைப் படுக்கையிலிருந்து எழுப்ப விரும்பிய மருத்துவர் லுட்விக் குட்மன், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், பதினாறு பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். 1960இல் ரோம் நகரில் அது பாராலிம்பிக் ஆயிற்று. 1972இல் ஹைடல்பெர்க் நகரில் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் இந்தியாவின் முதற் பொன்னை வென்றார். அதன்பின் நெடுங்காலம் நம் நாட்டின் கணக்கு விரல்விட்டு எண்ணும் அளவிலேயே கிடந்தது. ரியோவில் நான்கு பதக்கங்கள், டோக்கியோவில் பத்தொன்பது, 2024இல் பாரிஸில் இருபத்தொன்பது. எட்டே ஆண்டுகளில் இந்தியரின் மனவலிமை ஏழு மடங்கு பெருகிவிட்டது என்று எவரும் வாதிடமாட்டார். பெருகியவை பயிற்சியும் பணமும் வாய்ப்புமே.

இனி எம் ஊருக்கு வருவோம். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதி. ஆகவே மாரியப்பனை அயலார் என்று நாம் கொள்வதில்லை. சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையும் தருமபுரி வழியேதான் போகின்றது. எம் வட்டாரத்து மக்கள் கட்டட வேலை தேடிச் செல்வதும் அதே திசையில்தான். பென்னாகரம் என்றதும் வெளியூரார் ஒகேனக்கல் அருவியை நினைப்பர். அவ்வருவியின் நீர் எம் வீடுகளுக்கு வந்து சேர எத்துணைக் காலம் ஆயிற்று என்பதை அவர் அறியார். தருமபுரி மாவட்டத்துப் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்நீர் குடிக்கத் தகாது என்பது அளவு. அதனை ஆண்டாண்டாகக் குடித்தவர்க்குப் பற்கள் பழுப்பேறும், முதுகு விறைக்கும், எலும்பு வளையும். வளைந்த கால்களோடு நடக்கும் சிறுவர்களையும், குனிந்தவர் நிமிர முடியாமல் போன முதியவர்களையும் எம் பக்கத்துச் சிற்றூர்களில் நாம் கண்டிருக்கின்றோம். இவர்களை விதி முடக்கவில்லை. கிணற்று நீர் முடக்கிற்று. காவிரி கண்ணெதிரே பாய்ந்துகொண்டிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,929 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேற்றி, 2013இல் தொடங்கிவைத்தனர். இளம்பிள்ளை வாதமும் அவ்வாறே. 1995 முதல் சொட்டு மருந்தை வீடுதோறும் கொண்டு சென்றதனால், 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் ஒரு பிள்ளையும் கால் இழக்கவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடென்று சான்று பெற்றது. ஊனம் எத்தனை பேர்க்கு வரும் என்பதையே ஒரு சமுதாயம் குழாய் பதித்தும் மருந்து ஊட்டியும் மாற்ற முடியுமாயின், வந்த பின் அவர் எவ்வளவு உயரம் எட்டுவார் என்பதையும் அது மாற்ற முடியாதா?

எம் வட்டாரத்து மண்ணில் இதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். அந்நோயைக் காட்டி அவர் புகைவண்டியில் பயணம் செய்யலாகாதென்று ஆங்கில அரசு தடுத்தது. அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925 ஜூலை 23ஆம் நாள் பென்னாகரத்திற்கு அருகிலுள்ள பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது நாற்பது. அவர் நடந்ததை நாம் போற்றுகின்றோம். ஆண்டுதோறும் மாலையும் இடுகின்றோம். ஆனால் அவர் நடந்தது பெருமை எனின், அவரை நடக்க வைத்தது கொடுமை. இரண்டையும் ஒருங்கே நினைக்க வேண்டும். இன்று எந்த அரசும் புகைவண்டிக் கதவை அவ்வாறு அடைப்பதில்லை. எனினும் ஊன்றுகோல் ஊன்றி வருவோர் எட்டுப் படி ஏறினால்தான் மனுக் கொடுக்க முடியும் என்ற நிலையில் உள்ள கட்டடங்கள் நம் நாட்டில் எத்தனை! சாலை எட்டாத மலையூர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறக்கிய செய்திகளை எம் வட்டத்தார் நன்கறிவர். அங்கே கால் வளைந்த ஒரு சிறுமி பள்ளிக்கு எவ்வாறு வருவாள்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவிற்குச் சென்றிருந்தோம். பள்ளியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இது எப்பள்ளியிலும் நடக்கக்கூடியது. மைதானத்தின் ஓரத்தில் வேப்பமர நிழலில், ஒரு கால் சூம்பிய மாணவன் ஒருவன் நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்தான். ஓடும் பிள்ளைகளின் செருப்புகளும் கைக்கடிகாரங்களும் அவன் முன் குவிந்திருந்தன. அவற்றைக் காப்பது அவன் பணி. ஆசிரியர்கள் அவனை அன்போடுதான் நடத்தினர். நண்பகலில் அவனுக்கென்று தனியே பழச்சாறும் வந்தது. பரிசளிப்பின்போது அவனையும் மேடைக்கு அழைத்து, சிறந்த உதவியாளன் என்று ஒரு கிண்ணம் தந்தனர், கைதட்டல் எழுந்தது. பரணர் காட்டிய முடவன் அடிவாரத்திலேயே அமர்ந்திருக்க, நாம் அவன் கையில் ஒரு கிண்ணத்தையும் கொடுத்துவிட்டோம் என்று தோன்றிற்று. உயரம் தாண்டும் மணற்குழி அவனிடமிருந்து முப்பதடி தொலைவில் இருந்தது. அவனை எவரும் அங்கே அழைக்கவில்லை. அவன் தாண்டியிருப்பான் என்று நாம் சொல்லவரவில்லை. ஓரடியில் தட்டியிருக்கவும் கூடும். தட்டுவதற்கும் அவனுக்கு உரிமை உண்டு.

உரிமை என்று சொல்வதை மிகை என எண்ண வேண்டா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை எழுத்தில் வைத்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைகளையே கணக்கில் கொண்டது. புதிய சட்டம் இருபத்தொன்றாக விரித்தது. அரசுப் பணியில் 3 விழுக்காட்டை 4 ஆக்கிற்று; உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் வகுத்தது. அவற்றைப் பலரும் அறிவர். அச்சட்டத்தின் பதினாறாம் பிரிவு, கல்வி நிலையங்கள் இவர்களைப் பாகுபாடின்றிச் சேர்ப்பதோடு, விளையாட்டு வாய்ப்பினையும் மற்றவர்க்கு இணையாக அளிக்க வேண்டும் என்று கூறுவதைப் பெரும்பாலோர் அறியார். ஆக, அம்மாணவனை மணற்குழிக்கு அழைப்பது இரக்கச் செயல் அன்று. அழைக்காதிருப்பது சட்டத்தைக் கைவிடுதல்.

தமிழ்த்துறையின் மலரில் இதனை எழுதுவானேன் என்று கேட்கலாம். சொல்லோடு வாழ்பவர் நாம். முடம், குருடு, செவிடு என்னும் சொற்களை வைத்து நம் முன்னோர் சமைத்த பழமொழிகள் பல. அவற்றை அழித்துவிட வேண்டும் என்போர் கட்சியில் நாம் இல்லை. பழையன பழையனவாகவே இருக்கட்டும். ஆனால் அவற்றை வகுப்பில் சொல்லும்போது, அம்மொழி யாரை நோக்கிச் சிரிக்கின்றது என்பதையும் சொல்ல வேண்டும். இரட்டைப் புலவரை நினைவுகூர்வதும் நன்று. பார்வையற்ற ஒருவர் தோளில் நடக்கவியலாத மற்றொருவர் அமர்ந்து, வழியை இவர் சொல்ல, காலை அவர் தர, ஊர் ஊராகச் சென்று வெண்பாவின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை ஒருவருமாகப் பாடினர் என்பது வழங்கி வரும் செய்தி. ஏகாம்பரநாதர் உலா அவர் தந்தது. அவர்களைக் கண்டு இரங்கி எவரும் அவர் பாட்டை ஏற்கவில்லை. பாட்டு நன்றாயிருந்ததனால் ஏற்றனர்.

2024 செப்டம்பரில் மீண்டும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். 2ஆம் நாள் ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் இறகுப்பந்தாட்டத்தில், உயரம் குறைந்தோர்க்கான பிரிவில், வெண்கலம் வென்றார். ஓசூர் 2004 வரை எம் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மறுநாள் இரவு, எம் ஊரில் நள்ளிரவு கடந்த பின், மாரியப்பன் மீண்டும் கோலின் முன் நின்றார். அவ்வாண்டு மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலக வாகையர் பட்டம் பெற்றிருந்தார். பாரிஸில் அமெரிக்க இளைஞர் எஸ்ரா ஃபிரெச் 1.94 மீட்டர் தாண்டினார், சரத்குமார் 1.88இல் வெள்ளி, மாரியப்பன் 1.85இல் வெண்கலம். பொன், வெள்ளி, வெண்கலம் என இறங்குகின்றாரே என்று நம்மருகில் இருந்த நண்பர் வருந்தினார். நமக்கு அது வருத்தமாகத் தோன்றவில்லை. மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம் என்பது ஒருபுறமிருக்க, ரியோவில் பொன் தந்த 1.89 பாரிஸில் வெள்ளிக்கே போதுமானதாக இருந்திருக்கும். எட்டாண்டுகளில் உலகெங்கும் பலர் அவ்வுயரத்திற்கு ஏறி வந்துவிட்டனர்.

இவ்வாண்டு விளையாட்டு விழா நடத்தவிருக்கும் எம் வட்டாரத்துப் பள்ளிகளுக்கும் நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இரண்டு கம்பங்கள், ஒரு குறுக்குக்கோல், கல் பொறுக்கி ஆழக் கொத்திய மணற்குழி, இயன்றால் அதன்மேல் ஒரு தடித்த மெத்தை. உட்கார்ந்தெறியும் குண்டுக்கும் வட்டுக்கும் அசையாத ஒரு நாற்காலி. பெயர்ப் பட்டியல் எடுக்கும் நாளிலேயே உடற்குறையுள்ள மாணவர் ஒவ்வொருவரிடமும் நேரே சென்று, 'நீ எதில் சேர்கின்றாய்?' என்று கேட்க வேண்டும். வருகின்றாயா என்று கேட்டால் பிள்ளை தலை குனிந்து மறுத்துவிடும். பயிற்சிக்கு ஒரு மாதம் தர வேண்டும். கோலை முதலில் இரண்டடியில் வையுங்கள். செருப்புகளைக் காக்க வேறு யாரையேனும் அமர்த்திக்கொள்ளலாம். விழாக் குழுவில் நம் போன்ற முதியோர் பலர் சும்மாதான் இருக்கின்றோம்.